ஓடிய டயர் பொய் சொல்லும்

தேவிகுளம்
12-5-1974

காளிச்சாமி அண்ணனுக்கு, நாச்சம்மாள் எழுதுவது.

ஏழு வருஷம் கழித்து எழுதுகிறேன். நலம் விசாரிக்க இந்தக் கடிதத்தில் இடமில்லை. உங்கள் மாப்பிள்ளை செத்துப்போய்விட்டார். சித்திரை ஐந்தாம் தேதி, பொழுது சாயும் நேரம். பதினாறும் முடிந்துவிட்டது.

உங்கள் மாப்பிள்ளை என்று எழுதிவிட்டேன். ஒருநாளும் நீங்கள் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. அடித்துவிடலாம் என்று பார்த்தேன், மை தீற்றிக்கொள்ளும், அப்படியே இருக்கட்டும். என் வீட்டுக்காரர் சோலை.

எங்கள் எஸ்டேட் மேனேஜர் துரைக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் உண்டு. இரண்டே சீட்டு, சிவப்பு, கூரைக்குப் பதில் துணி. முன்னால் இருந்த வெள்ளைக்காரர் சீமைக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போனது. ஆறு வருஷமாக அதை இவர்தான் ஓட்டினார். அன்றைக்கு விடியலில் துரையை ஏற்றிக்கொண்டுபோய் பாலக்காட்டுப் பக்கம் ஒலவக்கோட்டில் மதராஸ் ரயிலுக்கு விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். மறையூர் தாண்டி ஒரு வளைவில் முன்பக்கத்து இடது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிட்டது. கார் உருண்டு தேயிலைக்குள் போய்விட்டது. நான் போய்ப் பார்த்தபோது மேலே வேட்டியைப் போர்த்தியிருந்தார்கள்.

காருக்குள் உடைந்த பாட்டில் கிடந்ததாம். புளித்த வாடை அடித்ததாம். குடித்துவிட்டு ஓட்டினான் என்று எஸ்டேட் விசாரணையில் எழுதப்போகிறார்கள். லைன் வீட்டுப் பிள்ளைகள் என் மகளிடம், "ஒங்கப்பா குடிச்சுட்டுல்ல செத்தாராம்" என்று கேட்கிறார்கள். அவளுக்கு ஆறு வயது. அவள் வந்து என்னிடம் கேட்கிறாள்.

காரை ஷெட்டில் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். நான் போய்ப் பார்த்தேன். மிச்சமிருந்த மூன்று டயரிலும் மஞ்சள் சாக்பீஸில் 22 என்று எழுதி, கீழே 'கா' போட்டிருக்கிறது. இரண்டுக்கு இப்படி வால் நீட்டி எழுதுகிறவர் நம் வீட்டில் நீங்கள் ஒருவர்தான். லாரி டயரைப் பார்த்து முடித்ததும் நீங்கள் போடுகிற அடையாளம் அது. கடைக்கு உங்களுக்குச் சோறு கொண்டுவந்த காலத்தில் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்!

அவர் உங்கள் கடைக்கு வந்தாரா? குடித்தாரா? நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். அவருக்கு இனி நான் செய்வதற்கு வேறொன்றும் இல்லை. கெட்ட பேரோடு அவர் போகக்கூடாது, அவ்வளவுதான் எனக்கு வேண்டும்.

நாச்சம்மாள்


கோவிந்தாபுரம்
20-5-1974

அம்மிணி நாச்சாளுக்கு அண்ணன் எழுதுவது.

உன் கடிதத்தை வாசிக்க எனக்கு ஒரு நாள் பூரா ஆனது. எழுத்துப் புரியாமல் அல்ல. இரண்டு வரிக்கு மேல் போக முடியவில்லை.

விஷயம் எனக்கு முன்பே தெரியும். ஐந்தாம் நாள் லாரிக்கார நஞ்சப்பன் செக்போஸ்டில் நிற்கும்போது சொன்னான். கடையைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். உன் அண்ணி காளியாத்தாள், "பொறப்படுங்க, ஒரு எட்டு போயிட்டு வந்தரலாம்" என்று மூன்று தடவை சொன்னாள். எந்த முகத்தை வைத்துக்கொண்டு வருவது? ஏழு வருஷம் வாசலை அடைத்துவிட்டுப் பிணம் பார்க்க மட்டும் வருகிறவனை ஊர் என்ன சொல்லும்? நீதான் என்ன சொல்வாய்?

வந்தார். உன் வீட்டுக்காரர் கடைக்கு வந்தபோது மத்தியானம் ஒன்றரை இருக்கும். கொளுத்துகிற வெயில். காரை நிறுத்திவிட்டுக் கடைக்குள் வராமல் வெயிலிலேயே நின்றார். நான் லாரி டயர் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பார்த்தும் பாராதது போல் கொஞ்ச நேரம் இருந்தேன், மறைக்கவில்லை. இதே கடையில் அவர் லாரிக்குப் பஞ்சர் ஒட்டும்போதுதானே நீ சோற்றுப் போசியோடு வருவாய்! என் கண் முன்னாலேயே பழகி அவரோடு போய்விட்டாய் என்று ஏழு வருஷம் எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் அந்த வெயிலில் தலையில் துண்டுகூடப் போடாமல் நின்ற மனுஷனைப் பார்த்ததும் வாய் தன்னால் வந்துவிட்டது. "உள்ள வாங்க மாப்ள" என்றேன். ஆமாம், அன்றைக்கு அப்படித்தான் கூப்பிட்டேன். நீ அந்த வார்த்தையை அடிக்காமல் விட்டது நல்லதாகப் போயிற்று.

மகளுக்குக் காது குத்த வேண்டும், தாய்மாமன் மடி இல்லாமல் ஆறு வருஷம் தள்ளிப்போட்டாயிற்று, ஆவணியில் வந்து உட்கார வேண்டும் என்று கேட்டார். பேர் என்ன என்றேன். பழனாத்தாள் என்றார். நம் அம்மாவின் பேரை நீ வைத்திருக்கிறாய் என்று எனக்கு யாருமே சொல்லவில்லை, அம்மிணி. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. காளியாத்தாள் வழிக்கு என்று மோரைக் கரைத்துப் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தாள். புளித்த வாடை அதுதான். இதை ஆபீஸில் காட்டு. நான் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

நாலு டயருக்கும் காற்றை என் கையாலேயே பார்த்துத்தான் அனுப்பினேன். அதில் ஒரு குறையும் இல்லை.

காளிச்சாமி


தேவிகுளம்
29-5-1974

அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆபீஸில் கொடுத்தேன். மோர் என்று எழுதிக்கொண்டார்கள். நம்பினார்களா என்று தெரியவில்லை. குடி போய் இப்போது வேறொன்று கிளம்பியிருக்கிறது.

எங்கள் ஃபிட்டர் ரத்தினசாமி மூன்று டயரையும் கேஜ் வைத்துப் பார்த்திருக்கிறார். மூன்றும் பதினேழு பவுண்டு. இருக்க வேண்டியது இருபத்திரண்டு. கழன்ற டயரும் அப்படித்தான் இருந்திருக்கும், காற்றுக் குறைந்துதான் வளைவில் ரிம்மை விட்டிருக்கிறது என்கிறார். இப்போது, 'காற்றுக்கூடப் பார்க்காமல் வண்டியை எடுத்த பொறுப்பில்லாத டிரைவர்' என்று எழுதப்போகிறார்களாம். குடிகாரன் என்றால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

அவரா பார்க்காதவர்? உங்களுக்கு அவரைத் தெரியாது, சொல்கிறேன். தினமும் விடியலில், வெயில் ஷெட்டைத் தொடும் முன்னால், கருக்கலிலேயே போய்விடுவார். பென்சில் பருமனில் ஒரு கேஜ் வைத்திருந்தார். வால்வில் வைத்து அமுக்கினால் அடியிலிருந்து வெள்ளைக் குச்சி ஒன்று வெளியே வரும். எண் போட்டிருக்கும். நாமாக உள்ளே தள்ளுகிற வரை அந்த எண்ணிலேயே நிற்கும். பழனா எண் படித்ததே அந்தக் குச்சியில்தான்.

இத்தனை விடியலில் ஏன் என்று நான் ஒருநாள் சண்டை போட்டேன். "ராத்திரி பூரா சும்மா நின்ன டயருதான் நெசம் சொல்லும். ஓடுன டயரு பொய் சொல்லும், நாச்சா" என்றார். ஓடினால் உள்ளே இருக்கிற காற்று சூடேறிப் பொங்கிக்கொள்ளுமாம். இருபத்திரண்டு இருபத்தெட்டாகக் காட்டுமாம். கூடிப்போச்சு என்று அதை இறக்கிவிட்டால் ஆறின பிறகு பள்ளத்துக்குப் போய்விடுமாம். காற்றுக் குறைந்த டயர் பக்கவாட்டில் மடங்கி மடங்கி ஓடும், வளைவில் ஒடித்தால் ரிம் ஒரு பக்கம் டயர் ஒரு பக்கம் என்று சொல்லியிருக்கிறார். லாரியில் ஐந்து பவுண்டு குறைந்தால் ஒன்றும் தெரியாதாம். இருப்பதே இருபத்திரண்டு என்றால் ஐந்து போனால் கால்வாசி போச்சு, ஆனால் கண்ணுக்குத் தெரியாது என்பார். அப்போது எனக்குக் கொட்டாவி வந்தது. இப்போது ஒவ்வொரு வார்த்தையும் காதிலேயே நிற்கிறது.

அண்ணா, நீங்கள் பார்த்தது மத்தியானம் ஒன்றரை மணிக்கு. ஒலவக்கோட்டிலிருந்து ஓடி வந்த டயர். அதில் நீங்கள் 22 என்று எழுதியிருக்கிறீர்கள்.

காற்றை இறக்கினீர்களா?

அவருடைய கேஜ் எங்கே என்றும் விசாரணையில் கேட்டார்கள். சட்டைப் பையில் இல்லை, காரில் இல்லை. எங்கேயோ தொலைத்துவிட்டான், அல்லது விற்றுவிட்டான் என்று எழுதிக்கொண்டார்கள். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். அதை இப்போது விடுங்கள். நான் கேட்டதற்குப் பதில் எழுதுங்கள்.

நாச்சம்மாள்


கோவிந்தாபுரம்
6-6-1974

நாச்சாளுக்கு,

நீ யாரைக் கேட்கிறாய் என்று தெரிந்துதான் கேட்கிறாயா? இருபது வருஷமாக டயரோடு கட்டிப் புரளுகிறவன் நான். பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு வரைக்கும் எந்த லாரிக்காரனை வேண்டுமானாலும் கேட்டுப்பார், காளிச்சாமி கை வைத்த டயர் வழியில் நின்றதாக ஒருவன் சொல்லட்டும். வெயில் காலத்தில் காற்றைக் குறைத்துத்தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வெடித்துவிடும். இங்கே எல்லாரும் அப்படித்தான் செய்கிறோம். உன் வீட்டுக்காரர் ஏதோ புஸ்தகத்தில் படித்ததை எனக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டாம்.

ஏழு வருஷம் கழித்துக் கடிதம் வந்தது என்று கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கொலைக்குற்றம் சாட்டத்தான் எழுதினாய் என்று தெரியாமல் போயிற்று.

இனி எழுதாதே.

காளிச்சாமி


கோவிந்தாபுரம்
2-7-1974

அம்மிணி,

எழுதாதே என்று சொன்னவன் நானே எழுதுகிறேன். நீ எழுதவில்லை. சொன்னால் சொன்னபடி நிற்பவள், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

உன் கடிதத்தைக் கிழித்துப் போடத்தான் நினைத்தேன். கிழிக்கவில்லை. அப்புசாமியின் வாடகைக் காரை ஒருநாள் விடியலில் போய்ப் பார்த்தேன். இருபத்துநாலு இருந்தது. பாலக்காடு போய்விட்டு மத்தியானம் வந்ததும் பார்த்தேன். இருபத்தொன்பது. அவனிடம் ஒன்றும் சொல்லாமல் இருபத்துநாலுக்கு இறக்கி வைத்தேன். மறுநாள் விடியலில் மறுபடி போய்ப் பார்த்தேன்.

பத்தொன்பது.

கேஜ் கெட்டிருக்கும் என்று கடையிலிருந்த இன்னொன்றை எடுத்துப்போய்ப் பார்த்தேன். அதுவும் பத்தொன்பது. அவன் காருக்குக் காற்றை அடித்துக் கொடுத்துவிட்டு வாய்க்கால் கரையில் போய் உட்கார்ந்தேன். இருபது வருஷமாக எத்தனை வண்டியை இப்படி அனுப்பினேனோ தெரியவில்லை. லாரி தாங்கிக்கொண்டது, நான் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டேன்.

இறக்கினேன், அம்மிணி. நாலு சக்கரத்திலும் நான்தான் இறக்கினேன்.

அன்றைக்கு அவர் கிளம்பப் போனபோது எனக்கு மனசு கொள்ளவில்லை. ஏழு வருஷத்தில் வீட்டு மாப்பிள்ளைக்கு ஒரு வேட்டி எடுத்துக் கொடுத்தவனில்லை நான். ஏதாவது செய்ய வேண்டும். எனக்குத் தெரிந்தது டயர். கேஜை எடுத்துக்கொண்டு காருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். இருபத்தெட்டு காட்டியது.

"மச்சான், இப்பப் பாக்காதீங்க. ஓடுன டயரு பொய் சொல்லும். ஆறுன பொறவுதான் நெசம்" என்றார்.

"ஏனுங்க மாப்ள, எனக்கே பாடம் நடத்தறீங்களா? இந்த வெய்யலுக்கு இருபத்தெட்டு வெச்சா வெடிச்சுப் போயிருமுங்க. எத்தன வெக்கோணும், அத மட்டும் சொல்லுங்க."

"காலையில இருபத்திரண்டு."

அவருக்கு நன்றாகத் தெரியும். தடுக்க வாயெடுத்தார். நான் ஏறிட்டுப் பார்த்தேன். என் முகத்தில் என்ன இருந்ததோ, ஒரு எட்டுப் பின்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "சரி மச்சான். ஒங்க கையால செய்யுங்க" என்றார். பெண்டாட்டி பிறந்த வீட்டில் செய்கிற முதல் சீரை எந்த மாப்பிள்ளை தட்டுவான்? நான் புஸ்ஸென்று காற்றை இறக்கிக்கொண்டே சிரித்துப் பேசிக்கொண்டிருந்தேன், நாச்சா. ஒவ்வொரு டயரிலும் எண்ணை எழுதி என் பேரையும் போட்டேன். அந்த மனுஷனுக்கு நான் செய்த ஒரே சீர் அதுதான்.

மலையேறி ஆறின பிறகு அவரே பார்த்துச் சரிசெய்துகொள்வார் என்று இப்போது சொல்லித் தேற்றிக்கொள்ளவும் வழியில்லை. "உங்க கேஜு எங்கீங்க?" என்று கேட்டேன். "வீட்டுல இருக்கு மச்சான்" என்று சிரித்தார்.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கினது ஆனை, செத்தது வேறொருவர். விசாரணைக்கு எந்த நாள் என்று எழுது. வந்து சொல்கிறேன். சொன்ன பிறகு என் கடையில் எவன் லாரியை நிறுத்துவான் என்று காளியாத்தாள் அழுகிறாள். அழட்டும்.

உன் அண்ணன்


தேவிகுளம்
19-7-1974

அண்ணா,

உங்கள் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மழையில் மண் சரிந்து பாதை அடைபட்டிருந்தது என்று ஒரு சாக்கு எழுதலாம். தபால்காரர் நடந்தே வந்து கொடுத்துவிட்டார். பதில் எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா என்றிருந்தது. நீங்கள்தான், நான் இல்லை என்றிருந்தது. அப்புறம் கடைசியில் அந்த ஒரு வரி. வீட்டில் இருக்கு என்று சிரித்தார்.

கேஜ் என்னிடம்தான் இருக்கிறது.

முந்தின நாள் சாயங்காலம் எங்களுக்குள் சண்டை. துரையை விட்டுவிட்டுத் திரும்பும்போது உங்கள் கடையில் இறங்கிக் காதுகுத்துக்குக் கூப்பிடப்போகிறேன் என்றார். கூடாது என்றேன். "அந்த வாசல்ல போயி நீங்க கையேந்தி நிக்கறத நான் பாத்துட்டு இருக்க மாட்டேனுங்க. எம் புள்ளைக்குக் காதே குத்த வேண்டாம்" என்று கத்தினேன். அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஆணியில் மாட்டியிருந்த சட்டைப் பையிலிருந்து கேஜை எடுத்து அரிசி டின்னுக்குள் புதைத்துவிட்டேன். கேஜ் இல்லாமல் அவர் ஷெட்டுக்கே போகமாட்டார். விடிந்ததும் தேடுவார், என்னைக் கேட்பார். உங்கள் கடைக்குப் போகமாட்டேன் என்று பழனா தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினால் எடுத்துக் கொடுக்கலாம். இதுதான் என் திட்டம்.

அவர் கேட்கவே இல்லை. எழுந்தார், கருப்பட்டிக் காப்பி குடித்தார், தூங்குகிற மகளை ஒரு தடவை பார்த்தார், போய்விட்டார். நானும் வாயைத் திறக்கவில்லை. அவசரத்தில் கேஜை மறந்துவிட்டார் என்று நினைத்தேன். ஒருநாள் இல்லாமல் போகட்டும், என் அருமை தெரியட்டும் என்றுகூட நினைத்தேன்.

மறையூரில் டீக்கடையில் அரைமணி நேரம் நிறுத்தியிருக்கிறார், அண்ணா. கடைக்காரி ரோசி வந்து என்னிடம் சொன்னாள். குளிர்ந்த ஊர், டயர் நன்றாக ஆறியிருக்கும். காலால் மிதிக்கிற பம்பு காரிலேயே இருந்தது, ஆனால் அளவு பார்க்காமல் அவர் காற்று அடிக்கமாட்டார். கேஜ் மட்டும் இருந்திருந்தால் அங்கே வைத்துப் பார்த்திருப்பார். பதினேழைக் கண்டிருப்பார். உங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் காற்றை அடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பார்.

நீங்கள் காற்றை இறக்கினீர்கள். அதைச் சொல்லியிருக்கக்கூடியதை நான் அரிசிக்குள் வைத்திருந்தேன்.

குச்சி இன்னும் இருபத்திரண்டில் நிற்கிறது. முந்தின நாள் விடியலில் அவர் வைத்துப் பார்த்தது. நான் உள்ளே தள்ளவில்லை. சோறு பொங்க அரிசி எடுக்கும்போதெல்லாம் கையில் தட்டுப்படும். எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பவும் புதைத்து வைப்பேன்.

விசாரணை ஆடி பதினெட்டு. நீங்கள் வந்து சொல்லுங்கள். நானும் சொல்லிவிடுகிறேன். தொலைத்தான், விற்றான் என்று எழுதியிருப்பதை அழிக்க வேண்டும்.

நாச்சம்மாள்


கோவிந்தாபுரம்
11-8-1974

அம்மிணி,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். உன் வீட்டுக்கு வராமல் திரும்பியதற்குக் கோபித்துக்கொள்ளாதே. வரச் சொல்லவும் நீ வாயைத் திறக்கவில்லை.

நான் சொன்னதையெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார்கள். அங்கே வாக்குமூலம் கொடுப்பதை மொழி கொடுப்பது என்கிறார்கள். "காத்த எறக்குனது நானுங்க. அவரு வேண்டாம்னு சொன்னாருங்க. நாந்தான் கேக்கலீங்க" என்று மூன்று தடவை சொல்ல வைத்தார்கள். மூன்று தடவையும் சொன்னேன். வெளியே வந்தபோது நீ பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். நான் உன் முகத்தைப் பார்த்தேன். நீ என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் துண்டுக்குள் விட்டுக்கொண்டேன். அப்படியே பஸ்ஸுக்கு நடந்துவிட்டேன்.

ஒன்றை உன்னிடம் மறைத்திருக்கிறேன். சொல்வதா விடுவதா என்று பஸ்ஸில் உடுமலைப்பேட்டை வரைக்கும் யோசித்தேன், வீட்டுக்கு வந்தும் யோசிக்கிறேன். மறைத்து மறைத்துத்தான் இந்த நிலைமைக்கு வந்தோம். சொல்லிவிடுகிறேன்.

கேஜ் எங்கே என்று கேட்டதற்கு அவர் வீட்டில் இருக்கு என்று சிரித்தார் என்று எழுதினேன் அல்லவா? அதோடு நிற்கவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அரிசி டின்னுக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கா மச்சான், ஒங்க தங்கச்சி. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கா. காலையில தொறந்து பாத்தேன், இருந்துச்சு. எடுத்தா ஒங்க கடைக்கு வரமாட்டேன்னு சத்தியம் பண்ணணும். சத்தியம் பண்ணாம எடுத்தா அவள ஏமாத்துனதா ஆயிரும். அதான் அப்படியே மூடி வெச்சுட்டு வந்துட்டேன். ஒரு நாளைக்குத்தான, பாத்துக்கிடலாம். நீங்க ஆவணிக்கு வர்றீங்கன்னு போயிச் சொன்னா அவளே எடுத்துக் குடுத்துருவா."

இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார், நாச்சா. உன் கோபத்தைப் பற்றிச் சொல்லும்போது அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகுதான் கேஜை எடுத்துக்கொண்டு டயர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

உன் வீம்பையும் மிதிக்கவில்லை, என் வீம்பையும் மிதிக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு மனுஷன் அவ்வளவு பதமாக நடந்துபோயிருக்கிறார், நாம்தான் வழிவிடவில்லை.

இனி என்னை எழுதச் சொன்னால் எழுதுகிறேன். வேண்டாமென்றால் விட்டுவிடுகிறேன். ஆவணியைப் பற்றி நான் கேட்கமாட்டேன்.

உன் அண்ணன்


தேவிகுளம்
30-4-1975

அண்ணாவுக்கு,

வருஷ திதி முடிந்துவிட்டது. அதற்காகத்தான் இத்தனை மாதம் காத்திருந்தேன் என்று சொல்லமாட்டேன். எழுத முடியவில்லை.

ரிப்போர்ட்டில் குடி என்பதை எடுத்துவிட்டார்கள். பொறுப்பில்லாத டிரைவர் என்பதையும் எடுத்துவிட்டார்கள். டிரைவர் மேல் குற்றமில்லை என்று ஒரு வரி இருக்கிறது. ரத்தினசாமியை அதைத் தமிழில் எழுதித் தரச் சொல்லிப் பழனாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் அந்தக் காகிதத்தைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் எல்லாரிடமும் காட்டிவிட்டு, ஓரமெல்லாம் அழுக்காகத் திரும்பக் கொண்டுவந்தாள்.

அன்றைக்கு உங்களுக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். நான் ஒளித்து வைத்ததைச் சொன்னேன். கேஜை மேஜையில் வைத்தேன். விசாரணை அதிகாரி எடுத்துப் பார்த்தார். குச்சி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. என்னிடம் ஒன்றும் கேட்காமல் கட்டைவிரலால் உள்ளே தள்ளிவிட்டார். "நல்லாத்தான் வேலை செய்யுது" என்று பக்கத்திலிருந்த கிளார்க்கிடம் சொன்னார். அவர் மேல் தப்பில்லை, அவருக்கு என்ன தெரியும். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மேலே துணி போர்த்திக் கிடத்தியிருந்த அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை.

கேஜ் அரிசியில் இருந்தது என் வீட்டுக்காரருக்குத் தெரியும் என்று நீங்கள் எழுதினீர்கள். நான் நம்பவில்லை, எனக்காக இட்டுக்கட்டி எழுதுகிறீர்கள் என்று நினைத்தேன். பிறகு ஒன்று ஞாபகம் வந்தது. அரிசி அளக்கிற படியை நான் எப்போதும் டின்னுக்குள் கவிழ்த்து வைப்பேன். அன்றைக்கு மத்தியானம் உலை வைக்கத் திறந்தபோது படி நிமிர்ந்து இருந்தது. அரிசி கையால் தடவிவிட்டது போல் சமமாக இருந்தது. பழனா விளையாடியிருப்பாள் என்று நினைத்து அவள் முதுகில் ஒன்று வைத்தேன். அந்த நேரத்தில் அவர் உங்கள் கடைக்கு வந்துகொண்டிருந்திருப்பார்.

உங்கள் மேல் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். என் மேல் இருக்கிற அளவுக்கு இல்லை என்பதுதான் நிஜம். உங்களை வெறுத்துவிட்டால் எனக்குச் சுலபமாக இருக்கும் என்று நிறைய நாள் முயற்சி பண்ணிப் பார்த்தேன். அவர் உங்களிடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாரே, அது குறுக்கே வந்து நிற்கிறது.

வைகாசி பதினொன்றாம் தேதி இங்கே முருகன் கோயிலில் பழனாவுக்குக் காது குத்தப்போகிறேன். அவர் கேட்டதை நான் மறுத்தேன், நீங்கள் வருகிறேன் என்றீர்கள். அவர் கேட்டது நடக்கட்டும். காளியாத்தாள் அண்ணியும் வரட்டும். வழிக்கு மோர் மட்டும் எடுத்துவர வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பழனா திமிறுவாள். மடியில் வைத்து நீங்கள் இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தக் கையை என்னால் பார்க்க முடியாது, அண்ணா. ஆனால் அதற்காக நீங்கள் வராமல் இருக்க வேண்டாம். தாலியறுத்தவள் முன்னால் வரக்கூடாது என்று என்னைத் தூணுக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொல்லிவிடுவார்கள். நான் ஏன் திரும்பிக்கொண்டு நிற்கிறேன் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

நீங்கள் வாருங்கள்.

நாச்சம்மாள்